கைவிடப்பட்ட முதுகுகள்: தண்டுவடக் காயமும் மருத்துவமும் கடந்து வந்த பாதை

எகிப்தின் லுக்ஸர் நகரில் 1862ஆம் ஆண்டு எட்வின் ஸ்மித் என்னும் அமெரிக்கர் பழைய பாப்பிரஸ் சுருள் ஒன்றை விலைக்கு வாங்கினார். ஃபிர்அவ்ன்கள் ஆண்ட காலத்து எழுத்தில் அமைந்த அந்தச் சுருளை ஜேம்ஸ் பிரெஸ்டட் என்னும் அறிஞர் 1930இல் மொழிபெயர்த்து வெளியிட்டார். அது ஓர் அறுவை மருத்துவ நூல் என்பதை உலகம் அப்போதுதான் நன்கு அறிந்தது. ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முன்னர் படியெடுக்கப்பட்ட அச்சுருளின் மூலம் அதனினும் பழையது. அதில் 48 காயங்கள் தலையிலிருந்து தொடங்கி வரிசையாக விவரிக்கப்படுகின்றன. ஒவ்வொரு காயத்துக்கும் மருத்துவர் மூன்று தீர்ப்புகளுள் ஒன்றைச் சொல்கிறார்: இதற்கு மருத்துவம் செய்வேன், இதனோடு போராடிப் பார்ப்பேன், இதற்கு மருத்துவம் செய்வதற்கில்லை.

கழுத்தெலும்பு இடம் பெயர்ந்த ஒருவர் 31ஆவது நோயாளியாக வருகிறார். தம் கைகளையும் கால்களையும் அவர் உணரவில்லை. சிறுநீர் அவரறியாமல் சொட்டுகிறது. அந்தப் பழங்கால மருத்துவர் பார்த்திருப்பதில் எந்தக் குறையும் இல்லை. இன்றைய நரம்பியல் மருத்துவரும் இவற்றையே குறித்துக்கொள்வார். ஆயினும் அவர் வழங்கிய தீர்ப்பு மூன்றாவது வகையைச் சேர்ந்தது. மருத்துவம் செய்வதற்கில்லை.

இந்தத் தீர்ப்பு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பெரும்பாலும் மாற்றப்படவில்லை. எவ்வளவோ நோய்களுக்கு மருந்து கண்ட மனித அறிவு இந்த ஒரு காயத்தின் முன் ஏன் இவ்வளவு காலம் கைகட்டி நின்றது, பின்னர் எது அதை அசைத்தது என்பதையே இக்கட்டுரையில் பார்க்க விழைகிறோம். மாடியிலிருந்தோ மரத்திலிருந்தோ விழுந்தும், சாலை விபத்தில் சிக்கியும் இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போனவர்கள் நம் மஹல்லாக்களிலும் இருக்கிறார்கள். அவர்களைப் பேணும் குடும்பங்களுக்கு இவ்வரலாறு தெரிந்திருப்பது நலம்.

முதலில் தண்டுவடம் என்பது என்னவென்று சொல்லிவிடுவோம். முதுகெலும்பு என்பது கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5 எனச் சிறு எலும்புகளும், அவற்றின் கீழே ஒன்றோடொன்று இணைந்துபோன எலும்புகளும் சேர்ந்த ஓர் அடுக்கு. அந்த எலும்புகளின் துளைகளுக்குள் மூளையிலிருந்து இறங்கி வரும் மென்மையான நரம்புக் கற்றையே தண்டுவடம். இப்னு ஸீனா (ரஹ்) தமது ‘அல்கானூன்’ நூலில் இதற்கு அழகானதொரு விளக்கம் தருகிறார். உடலின் எல்லா நரம்புகளும் மூளையிலிருந்தே நேராகப் புறப்பட வேண்டுமாயின், தலை இப்போதிருப்பதைவிடப் பன்மடங்கு பெரிதாக இருந்திருக்க வேண்டும். நரம்புகளும் நெடுந்தொலைவு செல்ல நேர்ந்து எளிதில் அறுபடும். ஆகவே ஊற்றிலிருந்து வாய்க்கால் ஓடுவதைப் போல மூளையிலிருந்து ஒரு பகுதி கீழிறங்கி வரும்படி படைத்தவன் அமைத்தான் என்பது அவர் கருத்து. முதுகெலும்பைக் கப்பல் கட்டுவோர் முதலில் கிடத்தும் அடிமரத்துக்கு அவர் ஒப்பிடுகிறார். கடற்கரை ஊர்களில் மரக்கலம் கட்டுவதைப் பார்த்து வளர்ந்த நம் முன்னோருக்கு இந்த உவமையை விளக்க வேண்டியிருந்திருக்காது.

வாய்க்காலை எந்த இடத்தில் அடைக்கிறோமோ, அதற்குக் கீழேயுள்ள வயல்களே காயும். இதைச் சோதனையால் நிறுவியவர் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் காலன். அரபு நூல்களில் இவர் பெயர் ஜாலீனூஸ். விலங்குகளின் தண்டுவடத்தை வெவ்வேறு உயரங்களில் அறுத்து, எங்கே அறுத்தால் எந்த உறுப்பு செயலிழக்கிறது என அவர் பார்த்தார். கழுத்தின் மேற்பகுதியில் அறுத்தால் மூச்சே நின்றது. பாதி மட்டும் குறுக்கே அறுத்தால் அந்தப் பக்கம் மட்டும் அசைவிழந்தது. நட்டநடுவே நீளவாக்கில் பிளந்தால் முடக்கம் ஏற்படவில்லை.

இச்சோதனைகளை அவர் எழுதிவைத்த உடற்கூற்று நூலின் பிற்பகுதி கிரேக்க மொழியில் அழிந்துபோயிற்று. அப்பாஸியர் காலத்து பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் அவருடைய குழுவினரும் செய்த அரபு மொழிபெயர்ப்பில் மட்டுமே அது இன்று நமக்குக் கிடைக்கிறது. தண்டுவடத்தை அறுத்துப் பார்த்த அந்தப் பக்கங்களும் அப்பகுதியில்தான் உள்ளன. ஐரோப்பிய மருத்துவ வரலாற்று நூல்கள் சில இதை ஒரு வரியில் கடந்து விடுகின்றன. நாம் கடந்துவிட வேண்டியதில்லை.

மேற்கே குர்துபாவுக்கு அருகிலிருந்த ஸஹ்ரா நகரில் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி (ரஹ்) வாழ்ந்தார். ஏறத்தாழ கி.பி. 1013இல் காலமான இவர் எழுதிய ‘அத்தஸ்ரீஃப்’ 30 பகுதிகளைக் கொண்டது. இறுதிப் பகுதி முழுவதும் அறுவை மருத்துவம் பற்றியது. அறுவைக் கருவிகளின் படங்களும் அதில் நிறைந்திருக்கின்றன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் லத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டுப் பல நூற்றாண்டுகள் ஐரோப்பாவில் பாடநூலாக விளங்கியது. முதுகெலும்பு விலகியவர்களைப் பலகையில் குப்புறக் கிடத்தி, தோளிலும் காலிலும் துணியால் கட்டி, இருபுறமும் இழுத்து, மேலிருந்து அழுத்திச் சீர்செய்யும் முறையை அவர் விவரிக்கிறார். கிரேக்கர் காலத்திலிருந்து வந்த முறை அது. ஆனால் எலும்பு முற்றிலும் விலகியிருந்தால் நிலைமை வேறு என்கிறார். மலம் தன்னையறியாமல் வெளியேறுவதையும், கைகளோ கால்களோ செயலிழப்பதையும் அதற்குரிய அடையாளங்களாகச் சொல்லி, அத்தகையோருக்கு மருத்துவம் இல்லை, மரணம் விரைந்து வரும் என்று எழுதுகிறார்.

ஸஹ்ராவியின் இந்த நேர்மையை நாம் மதிக்கிறோம். இயலாததை இயலும் என்று சொல்லிப் பொருள் பறிக்கும் போலி மருத்துவர்களை அவர் தம் நூலிலேயே கடிந்திருக்கிறார். எனினும் எகிப்தியச் சுருளின் தீர்ப்பும் அவருடைய தீர்ப்பும் ஒன்றே என்பதையும் மறைப்பதற்கில்லை. அவருக்கு எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின், 1805இல் டிரஃபால்கர் கடற்போரில் துப்பாக்கிக் குண்டு தோள்வழியே பாய்ந்து முதுகெலும்பில் தங்கியபோது, ஆங்கிலக் கடற்படைத் தளபதி நெல்சன் கேட்டறிந்ததும் அதே தீர்ப்பைத்தான். சில மணி நேரத்தில் அவர் உயிர் பிரிந்தது.

முதல் உலகப் போரில் இக்காயம் பட்ட வீரர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் முதல் சில வாரங்களிலேயே மாண்டனர் என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. அவர்களைக் கொன்றது எது என்பதைக் கவனிக்க வேண்டும். தண்டுவடம் அறுந்ததால் மட்டும் பெரும்பாலோர் இறக்கவில்லை. உணர்வில்லாத உடல் ஒரே பக்கமாகக் கிடக்கும்போது எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே சதை நசுங்குகிறது. அங்கே இரத்த ஓட்டம் நின்று தோல் கறுத்து அழுகுகிறது. நமக்கென்றால் வலிக்கும்; உறக்கத்திலும் புரண்டு கொள்வோம். அவருக்கோ வலி தெரிவதில்லை. படுக்கைப் புண் எலும்பு வரை இறங்கி, நஞ்சு இரத்தத்தில் கலக்கிறது. மறுபுறம், தானாக வெளியேறாத சிறுநீர் பையில் தேங்கிக் கிருமி பெருகி, சிறுநீரகம் கெடுகிறது. இவ்விரண்டும்தான் கொன்றன. இவ்விரண்டுமே தடுக்கக்கூடியவை.

இதை முதலில் செயலில் காட்டியவர்களுள் ஒருவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர் டொனால்ட் மன்றோ. 1930களில் நகர மருத்துவமனையில் இந்நோயாளிகளுக்கெனத் தனிப் பிரிவு நடத்தினார். ஆனால் உலகம் முழுதும் இம்முறையைக் கொண்டு சென்ற பெருமை லுட்விக் குட்மன் என்பவரைச் சாரும்.

குட்மன் 1899இல் ஜெர்மனியில் பிறந்த யூதர். 1917இல், பதினெட்டு வயதில், சுரங்கத் தொழிலாளர்களுக்கான மருத்துவமனையில் ஏவலாளராகப் பணியாற்றியபோது முதுகு முறிந்த இளைஞர் ஒருவரைக் கண்டார். மற்ற நோயாளிகளின் கண்ணில் படாதவாறு தட்டி வைத்து மறைக்கப்பட்டிருந்தார் அவர். சில வாரங்களே தாங்குவார், எழுதிவைப்பதில் பயனில்லை என்று குட்மனிடம் கூறப்பட்டது. ஐந்து வாரங்களில் அந்த இளைஞர் புண்ணும் நஞ்சும் ஏறி இறந்தார். அந்த முகத்தைத் தாம் மறக்கவில்லை என்று குட்மன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

பின்னர் அவர் நரம்பியல் மருத்துவரானார். ஹிட்லர் ஆட்சி வந்ததும் யூதர் என்பதால் அரசு மருத்துவமனையிலிருந்து நீக்கப்பட்டு, பிரெஸ்லாவ் நகர யூத மருத்துவமனையில் பணியாற்றினார். 1938 நவம்பர் 9ஆம் நாள் இரவு யூதர்களின் வணக்கத் தலங்களும் கடைகளும் கொளுத்தப்பட்டபோது, நாடி வரும் எவரையும் கேள்வியின்றிச் சேர்த்துக்கொள்ளுமாறு ஊழியர்களுக்குக் கட்டளையிட்டார். மறுநாள் காவலர்கள் வந்து விசாரித்தபோது ஒவ்வொருவருக்கும் ஒரு நோயைச் சொன்னார். சேர்க்கப்பட்ட 64 பேரில் 60 பேர் பிடிபடாமல் தப்பினர். அடுத்த ஆண்டு மனைவி மக்களுடன் இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தார்.

இவரைப் பற்றி இங்கே இவ்வளவு எழுதுவது ஏன் எனச் சிலர் கேட்கக்கூடும். பக்தாதில் ஜாலீனூஸைக் காப்பாற்றித் தந்த ஹுனைன் கிறித்தவர். ஸலாஹுத்தீன் அய்யூபி (ரஹ்) அவர்களின் அரசவையைச் சார்ந்தோருக்கு மருத்துவம் பார்த்த மூஸா இப்னு மைமூன் யூதர். நம் முன்னோர் கேட்காத கேள்வியை நாம் கேட்க வேண்டாம்.

1944 பிப்ரவரி 1ஆம் நாள், போரில் காயம்பட்டு வரப்போகும் வீரர்களுக்காக ஸ்டோக் மாண்டவில் என்னும் சிற்றூரின் மருத்துவமனையில் தண்டுவடப் பிரிவு ஒன்று குட்மனின் பொறுப்பில் 26 படுக்கைகளுடன் திறக்கப்பட்டது. இது பயனற்ற வேலை என்று உடன் பணியாற்றிய மருத்துவர்கள் பலர் கருதினர். நோயாளிகள் மாவுக்கட்டுக்குள் அசைவின்றி வைக்கப்பட்டு, கட்டுக்குள்ளே புண்ணாகி வந்து சேர்ந்தார்கள். குட்மன் அக்கட்டுகளை அகற்றினார். இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு நோயாளியையும் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பது அவர் விதி. அந்த விதி நடக்கிறதா என்று பார்க்க நள்ளிரவில் அவரே வார்டுக்கு வந்து நிற்பார். சிறுநீரைத் தூய்மையான முறையில், கிருமி புகாமல் அவ்வப்போது குழாய் மூலம் வெளியேற்றச் செய்தார்.

புதிய மருந்தோ புதிய கத்தியோ அவரிடம் இல்லை. அக்காலத்தில் வந்திருந்த பெனிசிலின் உதவியது உண்மைதான். ஆயினும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் தீர்ப்பைத் திருத்தியது இரண்டு மணி நேரத்துக்கொரு முறை நீண்ட கைகளே. வாரக்கணக்கில் இருந்த ஆயுள், ஆண்டுக்கணக்கிலும் பதிற்றாண்டுக்கணக்கிலும் நீண்டது.

உயிர் பிழைத்தவர் என்ன செய்வார்? சுவரைப் பார்த்துக் கிடப்பதற்காகவா பிழைக்க வைத்தோம் என்று குட்மன் கேட்டார். தச்சு வேலை, கடிகாரம் பழுதுபார்த்தல் எனப் பல தொழில்களை மருத்துவமனையிலேயே கற்பித்தார். விளையாட்டையும் மருத்துவத்தின் பகுதியாக்கினார். 1948 ஜூலை 29ஆம் நாள், லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், மருத்துவமனைப் புல்வெளியில் சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேர் வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டனர். 1960இல் அது ரோமுக்குச் சென்றபோது 23 நாடுகளிலிருந்து ஏறத்தாழ 400 பேர் வந்தனர். இன்று பாராலிம்பிக் என உலகம் அறிந்திருப்பது அதன் தொடர்ச்சியே.

இவ்விடத்தில் சிறிது நிற்க வேண்டியிருக்கிறது. நம் மத்ரஸாவில் ஓதிய பிள்ளை ஒருவரின் தகப்பனார் தென்னையிலிருந்து விழுந்து படுத்த படுக்கையானார். பார்க்கச் சென்றபோது, “எனக்குத்தான் ட்யூப் போட்டிருக்கிறதே ஹஜ்ரத், ஒளு ஏது, தொழுகை ஏது?” என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு ஆண்டுகளாகத் தொழுகையை விட்டிருந்தார். எவரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை. சிறுநீரை அடக்க இயலாதவருக்கான சட்டம் எல்லா ஃபிக்ஹு நூல்களிலும் இருக்கிறது. ஷாபிஈ மத்ஹபில் ஒவ்வொரு ஃபர்ளுக்கும், ஹனஃபீ மத்ஹபில் ஒவ்வொரு வக்துக்கும் ஒளுச் செய்துகொண்டு அவர் தொழலாம். பின்னர் வெளியேறும் சிறுநீரால் அத்தொழுகை முறிவதில்லை. நிற்க இயலாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிட்டால் விலாப்புறமாகப் படுத்தும் தொழலாம் என்பதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்குக் கற்றுத் தந்தார்கள். அதே இம்ரான் (ரலி) பிற்காலத்தில் நெடுங்காலம் நோய்ப்படுக்கையில் கிடந்தவர் என்பதும் வரலாற்றில் உள்ளது. சட்டம் தெரிந்தவர்கள் அந்தப் படுக்கை வரை சென்று சொல்லாதிருப்பதுதான் குறை.

குட்மன் காட்டிய வழி தமிழ்நாட்டுக்கு வந்த கதை மருத்துவர் மேரி வர்கீஸுடன் இணைந்தது. கொச்சியில் பிறந்து வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற அவர், 1954இல் நேர்ந்த கார் விபத்தில் தண்டுவடம் சிதைந்து கால்களின் செயலை இழந்தார். அறுவை மருத்துவராக விரும்பிய இளம் பெண் அவர். தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்செய்யும் அறுவையில் பெயர் பெற்ற பால் பிராண்ட், கைகள் நன்றாக இருக்கும்போது உட்கார்ந்தபடியே அறுவை செய்யலாமே என்று ஊக்கினார். அவ்வாறே சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளிகளின் கைகளுக்கு அவர் அறுவை செய்தார். பின்னர் ஆஸ்திரேலியாவில் மறுவாழ்வுப் பயிற்சி பெற்று, நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் என்னும் நிபுணரிடம் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பினார். 1966இல் வேலூரில் நோயாளிகள் தங்கிப் பயிலும் மறுவாழ்வு நிலையம் அவருடைய முயற்சியால் எழுந்தது. 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 1986இல் மறைந்தார். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவதையும், புண் வராமல் காப்பதையும், குழாயைத் தாமே கையாள்வதையும் அங்கே நோயாளிகளும் அவர்தம் உறவினரும் கற்றுக்கொள்கின்றனர்.

இனி, அறுந்த தண்டுவடத்தையே இணைக்க இயலுமா என்னும் கேள்வி. கையில் அறுந்த நரம்பு மெல்ல மெல்ல வளர்ந்து சேரக்கூடும். தண்டுவடத்து நரம்பு அவ்வாறு சேர்வதில்லை. ஸ்பெயின் நாட்டு அறிஞர் காஹால் 1928இல் வெளியிட்ட ஆய்வில், வளர்ந்த மனிதரின் மூளை, தண்டுவட நரம்பிழைகள் மீள முளைப்பதில்லை என்று வருத்தத்துடன் முடிவு கூறினார். அதை எதிர்காலம் மாற்றட்டும் என்றும் அவர் ஆசைப்பட்டார். 1981இல் மான்ட்ரியல் நகர ஆய்வாளர்களான டேவிடும் அகுவாயோவும் எலிகளில் கால் நரம்பின் துண்டு ஒன்றைப் பாலமாக வைத்துப் பார்த்தபோது, தண்டுவட நரம்பிழைகள் அதனுள் நீண்டு வளர்ந்தன. வளரும் ஆற்றல் இழைகளுக்கு இருக்கிறது, சூழல்தான் தடுக்கிறது என்பது தெளிவாயிற்று. சூரிக் நகரின் மார்ட்டின் ஷ்வாப் 1988இல், நரம்பைச் சுற்றியுள்ள கொழுப்புறையிலேயே வளர்ச்சியைத் தடுக்கும் புரதங்கள் இருப்பதைக் காட்டினார். அத்தடையை நீக்கும் மருந்து எலியில் நற்பலன் தந்தது; மனிதரில் நடந்த பெரிய சோதனையின் முடிவு 2024இல் வெளியானபோது, எதிர்பார்த்த அளவு பயன் தெரியவில்லை.

இத்துறையில் ஏமாற்றங்கள் புதியன அல்ல. விபத்து நேர்ந்த எட்டு மணி நேரத்துக்குள் மிகுந்த அளவில் ஸ்டீராய்டு மருந்து ஏற்றினால் நன்மை என 1990இல் ஓர் ஆய்வு சொன்னது. உலகெங்கும் மருத்துவமனைகள் அதைப் பின்பற்றின. நன்மையைவிடத் தீங்கே மிகுதி எனக் கண்டு, 2013இல் அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர் அமைப்புகள் அதைப் பரிந்துரைப்பதற்கில்லை என அறிவித்தன. 2010இல் ஓர் அமெரிக்க நிறுவனம் கருமூலச் செல்களைக் காயத்தில் செலுத்தும் சோதனையைத் தொடங்கி, மறு ஆண்டே பணப் பற்றாக்குறையைக் காரணம் காட்டி நிறுத்திவிட்டது.

மின்தூண்டல் வழி சற்று நம்பிக்கை தருகிறது. 2011இல் அமெரிக்காவின் லூயிவில் நகர ஆய்வாளர்கள், மார்புக்குக் கீழ் முடங்கிய இளைஞர் ஒருவரின் தண்டுவட உறையின் மேல் மின்முனைகளைப் பொருத்தி, பல மாதப் பயிற்சிக்குப் பின் அவர் எழுந்து நின்றதை அறிவித்தனர். சுவிட்சர்லாந்தின் லௌசான் நகரக் குழு 2018இல் மூவரை ஊன்றுகோலுடன் நடக்கச் செய்தது. 2023இல் அதே குழு, நெதர்லாந்து நாட்டவர் ஒருவரின் மூளைக்கு மேலும் தண்டுவடத்துக்கு மேலும் கருவிகளைப் பொருத்தி, நடக்க எண்ணும் எண்ணத்தையே கம்பியில்லாமல் கால்களுக்குச் செலுத்தியது. இப்னு ஸீனா சொன்ன வாய்க்கால் உடைந்த இடத்தில், தண்ணீரை வெளியே எடுத்து மறுகரையில் ஊற்றியது போன்ற ஏற்பாடு இது. இவை யாவும் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரிடம், ஆண்டுக்கணக்கான பயிற்சியுடன் செய்யப்பட்ட ஆய்வுகள். கடையில் வாங்கும் மருந்தாக இவை இன்னும் ஆகவில்லை.

இதை இவ்வளவு விரித்ததற்குக் காரணம் இருக்கிறது. “ஸ்டெம் செல் செலுத்தினால் எழுந்து நடப்பார்” என்னும் விளம்பரத்தைக் கண்டு, வீட்டையும் நகையையும் விற்றுக் கொடுத்த குடும்பங்களை நாம் அறிவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறி, தண்டுவடக் காயத்துக்கு ஸ்டெம் செல் செலுத்துவதை, அனுமதி பெற்ற ஆய்வின் பகுதியாக அன்றி வேறு எவ்வகையிலும் ஏற்பதில்லை. அதற்கு வெளியே செய்வது தொழில்முறைத் தவறு என்கிறது. இந்தியாவில் நடைபெறும் இத்தகைய ஆய்வுகள் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதியப்பட வேண்டும். அப்பதிவேட்டை இணையத்தில் எவரும் பார்க்கலாம். முறையான ஆய்வில், சோதிக்கப்படும் சிகிச்சைக்காக நோயாளியிடம் பணம் பெறுவதில்லை. எனவே, முன்பணமாகச் சில இலட்சங்கள் கட்டச் சொல்லும் இடத்தில், ஆய்வின் பதிவு எண் என்னவென்று முதலில் கேளுங்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதி போதும், நல்ல நீர்மெத்தையோ காற்றுமெத்தையோ, வீட்டு வாசலில் ஒரு சரிவுப் பாதையோ, குளியலறைக்குள் நுழையும் அளவான சக்கர நாற்காலியோ வாங்கி வைக்க. இரவு இரண்டு மணிக்குப் புரட்டிப் படுக்க வைப்பது யார், நான்கு மணிக்கு யார் என்று வீட்டிலுள்ளோர் முறை வைத்துக்கொள்ள அதுவும் தேவையில்லை.